கம்பிக்கும் ஒரு சும்மாடு

ஸ்குவாட் செய்தால் எங்கே வலிக்கும்? தொடை வலிக்கும். இடுப்பு வலிக்கும். மறுநாள் காலை விடுதி மாடிப்படி இறங்கும்போது உயிரே வலிக்கும். ஜிம் பக்கம் ஒரே ஒரு வாரம் போனவர்களுக்குக்கூட இது தெரியும். ஆனால் முழங்கை வலிக்குமா? "அது காலுக்கான பயிற்சி, கைக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று அடித்துச் சொன்ன ஒரு மாணவனின் கதை இது. நான்கு மாதம் அப்படியே நம்பிக்கொண்டிருந்தான். அந்த நான்கு மாதத்துக்கு அவன் கொடுத்த விலை ஒரு பரீட்சையில் 13 மார்க், ஒரு போட்டி, அப்புறம் ஏராளமான தூக்கம்.

கோவையில் ஒரு பொறியியல் கல்லூரி. மெக்கானிக்கல், மூன்றாம் ஆண்டு. சொந்த ஊர் திருச்சி. முதலாண்டில் சேரும்போது 54 கிலோ இருந்தான். ஃபேனை வேகமாக வைத்தால் பறந்துவிடுவான் என்று அறையில் கேலி. அந்தக் கேலிக்காகவே கல்லூரிக்கு எதிரே மளிகைக்கடை மாடியில் இருந்த ஜிம்மில் சேர்ந்தான். ஏசி கிடையாது, பாட்டு கிடையாது. துருப்பிடித்த பிளேட்டுகள், ஒரே ஒரு ஸ்குவாட் ஸ்டாண்டு, ஒரு காலத்தில் பவர்லிஃப்டராக இருந்த மாஸ்டர். அவ்வளவுதான். ஆனால் மூன்றாம் ஆண்டுக்கு வரும்போது அவன் எடை 71 கிலோ, ஸ்குவாட் 140 கிலோ!

பவர்லிஃப்டிங் தெரியாதவர்களுக்காக நாலு வரி. மொத்தம் மூன்று பயிற்சிகள்: ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், டெட்லிஃப்ட். ஒவ்வொன்றுக்கும் மூன்று வாய்ப்பு. ஒவ்வொன்றிலும் தூக்கிய அதிகபட்ச எடையைக் கூட்டினால் வருவது உங்கள் மொத்தம். இதில் ஸ்குவாட் ஒன்றும் புதிதல்ல. நம் ஊர் தேகப்பயிற்சிசாலைகளில் தண்டாலோடு சேர்த்துப் போடும் பஸ்கிதான். கூடவே தோளில் ஒரு ராடு ஏறிக்கொள்கிறது. போட்டியில் ஒரு நிபந்தனை உண்டு. இடுப்பும் தொடையும் மடிகிற இடம் முழங்காலின் மேல்பகுதியைவிடக் கீழே இறங்கியாக வேண்டும். அரைகுறையாக உட்கார்ந்து எழுந்தால் நடுவர்கள் சிவப்பு விளக்கைப் போட்டுவிடுவார்கள்.

ஜனவரியில் பல்கலைக்கழக அணிக்கான தேர்வு. "150 போட்டுட்டா உனக்கு ஒரு இடம் உண்டு தம்பி" என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். பத்து கிலோதான் பாக்கி.

அந்தப் பத்து கிலோவுக்காகத்தான் ஆகஸ்டில் அவன் ராடு வைக்கும் இடத்தை மாற்றினான். அதுவரை கழுத்துக்குக் கீழே, தோளின் மேல்சதையில் வைத்துத்தான் செய்துவந்தான். இதற்கு ஹை-பார் என்று பெயர். இன்னொன்று லோ-பார். முதுகின் மேல்பக்கம் தோள்பட்டை எலும்பில் குறுக்காக ஒரு மேடு கைக்குத் தட்டுப்படும். அதற்குச் சற்றுக் கீழே, பின்தோள் சதையின்மேல் ராடு உட்காரும். வித்தியாசம் இரண்டு மூன்று அங்குலம்தான். ஆனால் உடம்பு இன்னும் கொஞ்சம் முன்னால் சாய்கிறது, இடுப்பும் பின்தொடையும் அதிகமாக வேலை செய்கின்றன, பெரும்பாலானவர்களால் கூடுதல் எடையைத் தூக்க முடிகிறது. டெக்சாஸ் மாநிலத்தில் விச்சிட்டா ஃபால்ஸ் என்ற ஊரில் ஜிம் நடத்திய மார்க் ரிப்பட்டோ 2005இல் 'ஸ்டார்ட்டிங் ஸ்ட்ரெங்த்' என்ற புத்தகத்தைக் கொண்டுவந்த பிறகு, போட்டிக்கே போகாத ஆட்கள்கூட லோ-பாருக்கு மாறினார்கள். அவனும் மாறினான். பத்து கிலோ சும்மா கிடைக்கிறதென்றால் யார் விடுவார்கள்?

சும்மா கிடைக்கவில்லை.

முதலில் தெரிந்தது குளியலறையில். வலது கையால் வாளியைத் தூக்கியபோது முழங்கையின் உள்பக்கம், எலும்பு முண்டாக இருக்கும் இடத்தில், சுரீர் என்றது. வாளியை இடது கைக்கு மாற்றிக்கொண்டான். இரண்டு வாரத்தில் அறைச் சாவியைத் திருப்பினால் வலித்தது. செப்டம்பர் கடைசியில் யாராவது கை குலுக்க வந்தால் வணக்கம் போட ஆரம்பித்தான். நண்பர்களுக்கு அது பெரிய வேடிக்கை. "மச்சான் அரசியல்ல இறங்கப் போறான்டா!"

எதனால் வலிக்கிறது என்று அவனும் யோசிக்காமல் இல்லை. கை வலிக்கிறது, ஆகவே கைப் பயிற்சிதான் காரணம். முதலில் சின்-அப்பை நிறுத்தினான். கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது, முழுதாகப் போகவில்லை. அடுத்து பெஞ்ச் பிரஸ் எடையைக் குறைத்தான். பிறகு முழங்கைக்கு உறை, வலிக்கு ஸ்பிரே, கிரேப் பேண்டேஜ், கடைசியில் மாத்திரை. வாரத்துக்கு மூன்று நாள் ஸ்குவாட் மட்டும் அப்படியே நடந்தது. திங்கள், புதன், வெள்ளி இரவுகளில் வலி அதிகம் என்பதைக்கூட அவன் கவனிக்கவில்லை. கவனித்தது அறை நண்பன். "டேய், நீ ஸ்குவாட் போட்ட அன்னைக்குத்தான்டா ராத்திரி புரண்டு புரண்டு படுக்குற. நாளைக்கு நான் வீடியோ எடுக்குறேன், பாரு."

பக்கவாட்டில் நின்று எடுத்த அந்த முப்பது விநாடி வீடியோ எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்தது. ஹோட்டலில் சர்வர் தட்டை ஏந்திப் பிடிப்பாரே, அதே மாதிரி அவனுடைய மணிக்கட்டு பின்பக்கம் முழுதாக மடிந்திருந்தது. ராடு உள்ளங்கையில் உட்கார்ந்திருந்தது. முழங்கை இரண்டும் கோழி இறக்கை மாதிரி பின்னால் தூக்கிக்கொண்டு நின்றன.

இதில் என்ன தவறு? ராடு முதுகில் இருக்கும்போது அதன் எடை முதுகு வழியாக இடுப்புக்கும், காலுக்கும், தரைக்கும் போக வேண்டும். கையின் வேலை ராடு நழுவாமல் முதுகோடு அழுத்தி வைத்திருப்பது மட்டுமே. லோ-பாரில் ராடு கீழே இருப்பதால் கையைப் பின்னால் கொண்டுபோய்த் திருப்புவதற்குத் தோள்மூட்டு நன்றாக வளைந்துகொடுக்க வேண்டும். நாள் முழுக்க பெஞ்சில் கூனி உட்கார்ந்து, ராத்திரி முழுக்க போனைக் குனிந்து பார்க்கும் ஒருவனுடைய தோள் அப்படி வளையாது. தோள் வளையாவிட்டால் அந்தக் குறையை யாராவது ஈடுகட்ட வேண்டுமே? மணிக்கட்டு மடிகிறது. மணிக்கட்டு மடிந்தால் கை ராடுக்குக் கீழே போய்விடுகிறது. கீழே போன கை சுமக்க ஆரம்பிக்கிறது. 140 கிலோவில் பத்தில் ஒரு பங்கு கையில் இறங்கினாலே 14 கிலோ. அதைச் சுமப்பது மணிக்கட்டையும் விரல்களையும் மடக்குகிற முன்கைத் தசைகள். அந்தத் தசைகளெல்லாம் தசைநாணாகச் சேர்ந்து ஒட்டியிருக்கும் இடம் முழங்கையின் உள்பக்க எலும்பு முண்டு. வாளி தூக்கியபோது சுரீர் என்ற அதே இடம்!

மருத்துவர்கள் இந்த வலியை கோல்ஃபர்ஸ் எல்போ என்கிறார்கள். (வெளிப்பக்கம் வலித்தால் டென்னிஸ் எல்போ.) கோல்ஃப் மட்டையைக் கண்ணால்கூடப் பார்த்திராதவர்களுக்கும் வரும். தச்சு வேலை செய்பவர்களுக்கு வரும், நாள் முழுக்கத் துணி பிழிபவர்களுக்கும் வரும். இரத்த ஓட்டம் குறைவான இடம் என்பதால் தசைநாண் மெதுவாகத்தான் தேறும். வாரக்கணக்கு போதாது, மாதக்கணக்கு ஆகும்.

வீடியோவை மாஸ்டரிடம் காட்டினான். அவர் பத்து விநாடிகூடப் பார்க்கவில்லை. "கிரிப்பை அகட்டு. மணிக்கட்டை நேராக்கு. எடையைப் பாதியாக்கி முதல்லேர்ந்து பழகு."

எடையைப் பாதியாக்குவதா? அப்போது நவம்பர் முதல் வாரம். தேர்வுக்கு இரண்டே மாதம். 145 கிலோ போட்டாயிற்று, இன்னும் ஐந்துதான். கிரிப்பை அகட்டினால் முதுகு தளர்ந்த மாதிரி இருந்தது, ராடு நழுவுமோ என்று பயமாக இருந்தது. இரண்டு நாள் முயன்றுவிட்டுப் பழையபடியே போட ஆரம்பித்தான். மாஸ்டர் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனான். ஸ்குவாட் போடும்முன் ஒரு மாத்திரை.

செமஸ்டர் பரீட்சை வந்தது. மூன்று மணி நேரம் எழுத வேண்டும். இரண்டாவது மணி நேரத்தில் விரல்கள் பேனாவைப் பிடிக்க மறுத்தன. கையை உதறி உதறி எழுதினான். ஒரு 13 மார்க் கேள்விக்குப் பதில் முழுதாகத் தெரிந்திருந்தும் படத்தை மட்டும் வரைந்துவிட்டு எழுந்து வந்தான். அன்றைக்கும் யாரிடமும் சொல்லவில்லை.

பரீட்சை முடிந்து திருச்சிக்குப் போனான்.

அவனுடைய அப்பா காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர். கல்லூரியில் இதை அவன் மறைத்ததில்லை. சொன்னதும் இல்லை. "அப்பா மார்க்கெட்ல இருக்காரு" என்பான். கேட்பவர்கள் கடை வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். ஒருநாள் இரவு அப்பா செல்போனை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். கொடுத்துவிட்டு வரச்சொல்லி அம்மா அனுப்பினாள். மணி ஒன்று இருக்கும். ஊர் தூங்கும் நேரத்தில்தான் அந்த மார்க்கெட் விழித்திருக்கும். லாரிகள் வரிசையாக நின்றன. ஒன்றிலிருந்து உருளைக்கிழங்கு இறங்கிக்கொண்டிருந்தது.

சின்ன வயதில் எத்தனையோ தடவை பார்த்த காட்சி. இந்த முறை வேறு மாதிரி தெரிந்தது. லாரியின் விளிம்பில் இரண்டு பேர் மூட்டையைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். கீழே நிற்பவர் முதுகைக் கொடுக்கிறார். லேசாகக் குனிந்து, தோள்பட்டை இரண்டையும் இறுக்கி, மூட்டை வந்து உட்காருவதற்கு ஒரு இடம் செய்துகொள்கிறார். மூட்டை உட்கார்ந்த பிறகுதான் கை பின்னால் போகிறது. அதுவும் மூட்டையின் காதைப் பிடிக்க மட்டும். தலைச்சுமைக்காரர்கள் துண்டைச் சுருட்டிச் சும்மாடு கட்டிக்கொண்டிருந்தார்கள். பாரம் எங்கே உட்கார வேண்டுமோ அங்கே முதலில் இடம் தயாராகிறது. கை கடைசி.

"நான் ஒண்ணு எடுக்கவா?" என்று விளையாட்டாகக் கேட்டான். 145 கிலோ ஸ்குவாட் போடுகிறவன் ஆயிற்றே! முதுகில் ஒரு மூட்டையை வைத்தார்கள். ஐம்பது கிலோ இருக்கும். வைத்த உடனே அவன் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து மேலே இழுத்தான். வலது முழங்கையில் மின்சாரம் பாய்ந்த மாதிரி இருந்தது. முகம் கோணியதைப் பார்த்துவிட்டு ஒரு பெரியவர் மூட்டையைத் தாங்கிப் பிடித்தார். "கையில தூக்காத தம்பி. கை சும்மா தொணைக்குத்தான். முதுகு எதுக்கு இருக்கு?"

விடியற்காலை ஐந்து மணிக்கு அப்பாவோடு வீடு திரும்பினான். அப்பா சட்டையைக் கழற்றும்போதுதான் பார்த்தான். முதலில் இடது கையை உருவினார். பிறகு இடது கையாலேயே சட்டையை வலது தோளிலிருந்து தள்ளிவிட்டார். வலது கை தோளுக்கு மேலே எழும்பவே இல்லை.

"எத்தனை நாளாப்பா?"

"அது கெடக்குது. ஒரு வருசம் இருக்கும்."

"சொல்லவே இல்ல?"

"சொல்லி? நீ ஏன் மொகத்த அப்படி வச்ச மூட்டை தூக்கறப்ப? கையில என்ன?"

முதல்முறையாக அவன் முழுதாகச் சொன்னான். வாளி, சாவி, மாத்திரை, 13 மார்க், ஜனவரி. அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார்.

"அந்தக் கம்பியத் தூக்குனா என்னடா குடுப்பாங்க?"

"சர்டிஃபிகேட்."

"தூக்கலைன்னா?"

"ஒண்ணும் இல்ல."

"அப்ப வலிச்சா எறக்கி வச்சிட வேண்டியதுதானே. யாரு கேக்கப் போறா ஒன்னைய?" என்றார். திட்டுகிற மாதிரி சொல்லவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார். "எனக்கு எறக்கி வைக்க முடியாது. ஒனக்கு முடியும்ல?"

அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. படுத்துத் தூங்கிவிட்டார். அவன்தான் தூங்கவில்லை.

ஜனவரியில் மாஸ்டரிடம் போய்த் தேர்வுக்கு வரவில்லை என்று சொன்னான். திட்டு விழும் என்று எதிர்பார்த்தான். அவர் பிளேட் துடைத்துக்கொண்டே, "அடுத்த வருசமும் ஜனவரி வரும் தம்பி. வெறும் ராடை எடு" என்றார். வெறும் ராடு 20 கிலோ. பக்கத்தில் முதலாண்டுப் பையன்கள் 60 கிலோ போட்டுக்கொண்டிருந்தார்கள். வெட்கமாகத்தான் இருந்தது. அன்று அவர் சொல்லிக்கொடுத்ததும், அதன் பிறகு அவன் தன் உடம்பில் தெரிந்துகொண்டதும் இவை:

1. முதலில் சும்மாடு, பிறகு ராடு. ராடுக்குக் கீழே போனதும் நெஞ்சை நிமிர்த்தி, தோள்பட்டை எலும்புகளை ஒன்றையொன்று நெருக்குங்கள். பின்தோளில் ஒரு சதைத் திட்டு எழும்பும். ராடுக்கான சும்மாடு அதுதான். அது இல்லாவிட்டால் கை சுமக்கத் தொடங்கிவிடும்.

2. மணிக்கட்டு முன்கையோடு ஒரே கோட்டில் இருக்க வேண்டும். கை ராடுக்குக் கீழே போகாமல், பின்னாலிருந்து ராடின்மேல் அழுத்த வேண்டும். கட்டைவிரலைச் சுற்றிப் பிடிக்காமல் மற்ற விரல்களோடு மேலேயே வைத்தால் லோ-பாரில் பலருக்கு மணிக்கட்டு தானாக நேராகிறது.

3. மணிக்கட்டு நேராக நிற்கும்வரை கிரிப்பை அகட்டுங்கள். ஒவ்வொரு பக்கமும் விரல் விரலாக நகர்த்திப் பாருங்கள். தோள் இளக இளகப் பிறகு உள்ளே கொண்டுவரலாம்.

4. முழங்கையை வேண்டுமென்றே வானத்தைப் பார்க்கத் தூக்காதீர்கள். ராடு முதுகோடு ஒட்டி நிற்கும் அளவுக்குப் பின்னால் இருந்தால் போதும். உடம்பின் சாய்வும் மேற்கையின் சாய்வும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பது நல்ல அடையாளம். உட்காரும்போது முழங்கை மேலே எழும்பினால் நெஞ்சு விழுகிறது என்று அர்த்தம்.

5. ராடை எடுக்கும் முன் தோளை இளக்குங்கள். துண்டையோ விளக்குமாற்றுக் கட்டையையோ இரு கைகளாலும் அகலமாகப் பிடித்து, கையை மடக்காமல் தலைக்கு மேலாகப் பின்னால் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவாருங்கள். பத்து முறை. வலிக்கும் அளவுக்குப் போகக் கூடாது.

6. தோள் ஒத்துழைக்கவே இல்லையா? ஹை-பாருக்குத் திரும்புங்கள். அதற்குத் தோள் அவ்வளவு வளையத் தேவையில்லை. லோ-பார் வேதம் அல்ல. வலி அடங்கும்வரை சின்-அப்பையும் பைசெப்ஸ் பயிற்சியையும் குறைத்துக்கொள்ளுங்கள். ஸ்குவாட் தொடங்கிவைத்த வலியை அவை ஆறவிடாது.

7. மாத்திரை போட்டுக்கொண்டு தூக்காதீர்கள். வலி அடங்கும், காரணம் அப்படியே இருக்கும். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போனால் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். அதற்கு ஜிம்மில் மருந்து இல்லை, மருத்துவரைப் பாருங்கள்.

மற்றபடி ஸ்குவாட்டின் அடிப்படை எல்லோருக்கும் ஒன்றுதான். கால் தோள் அகலம், பாதம் கொஞ்சம் வெளியே திரும்பியிருக்க, முழங்கால் பாதம் போகும் திசையிலேயே போக, ராடு நடுப்பாதத்துக்கு நேர்மேலே நிற்க, மூச்சை நிரப்பி வயிற்றை இறுக்கி உட்கார்ந்து எழ வேண்டும். இதெல்லாம் அவனுக்கு முன்பே தெரியும். பாரம் எங்கே உட்கார வேண்டும் என்பதுதான் தெரியாமல் இருந்தது.

அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. முதல் ஆறு வாரம் வலி இருந்துகொண்டுதான் இருந்தது. மாஸ்டர் சொன்னபடி ஒரு சின்ன டம்பெல்லைப் பிடித்து, முன்கையைத் தொடைமேல் வைத்து, மணிக்கட்டை மெல்ல மெல்லக் கீழே இறக்கும் பயிற்சியைத் தினமும் செய்தான். முதலில் வாரத்துக்குப் பத்து கிலோ, அப்புறம் ஐந்து, அப்புறம் இரண்டரை என்று ராடில் ஏற்றினான். மார்ச்சில் 100. ஏப்ரல் கடைசியில் 120. 140 எப்போது வரும் என்று தெரியாது. ஆனால் இப்போது ராடு முதுகில் இருக்கும்போது விரல்களைத் திறந்து மூட முடிகிறது. அவனுக்கு அது போதும்.

மே மாத விடுமுறையில் அப்பாவை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனான். தோள்மூட்டு இறுகிப்போயிருக்கிறது, ஆறு வாரம் பாரம் தூக்கக் கூடாது, தினமும் இந்தப் பயிற்சிகளைச் செய்ய வேண்டும் என்றார்கள். வெளியே வந்ததும் அப்பா சிரித்தார். "ஆறு வாரமா?" மூன்று நாள் வீட்டில் இருந்தார். நான்காம் நாள் இரவு துண்டை எடுத்து உதறிக்கொண்டு கிளம்பிவிட்டார். பயிற்சியை மட்டும் விடவில்லை. மார்க்கெட்டிலிருந்து வந்ததும் சுவர் ஓரமாக நின்று விரல்களால் சுவரில் ஏறுகிறார். எதுவரை ஏறுகிறது என்று அவன் பென்சிலால் கோடு போட்டு வைக்கிறான். இரண்டு அங்குலம் கூடியிருக்கிறது.

கல்லூரி திறந்த பிறகு, அப்பா என்ன செய்கிறார் என்று ஒரு முதலாண்டுப் பையன் கேட்டான். "மூட்டை தூக்குறாரு. காந்தி மார்க்கெட்ல" என்றான். பிறகு அந்தப் பையனின் மணிக்கட்டை நேராக்கிவிட்டு, ராடிலிருந்து இரண்டு பிளேட்டைக் கழற்றச் சொன்னான்.

உங்களில் யாருக்காவது வாளி தூக்கும்போது முழங்கையின் உள்பக்கம் சுரீர் என்கிறதா? நாளைக்கு யாரையாவது பக்கவாட்டில் நிற்கவைத்து ஒரு வீடியோ எடுத்துப் பாருங்கள். எடையைக் குறைக்க வேண்டியிருந்தால் குறையுங்கள். உங்களை யாரும் கேட்கப்போவதில்லை.